முப்பத்து மூன்றாவது விளக்கு

உப்பளத்து வாசலில் இருந்த இரும்பு வளைவுக்குக் கீழே ஞானக்கனி வண்டியை நிறுத்தியபோது கோள்சொல்லி எரிந்துகொண்டிருந்தது.

அரசாங்கம் அதற்கு வைத்த பேர் தகுதி விளக்கு. ஸ்பீடாமீட்டருக்குப் பக்கத்தில் சுண்டைக்காய் அளவில் சிவப்பாக இருக்கும். வேலைக்குப் போகிறவர்களின் பைக்கில் அது இருந்தே தீர வேண்டும் என்று சட்டம் வந்து எட்டு வருசமாகிறது. ஹேண்டில்பாரின் இரண்டு பிடியிலும் வெள்ளித் தகடு மாதிரி ஒரு பட்டை. பிடித்தவுடன் உள்ளங்கைக்குள் துளியூண்டு கரண்டை விட்டுப் பார்க்கும். குடித்திருந்தாலோ, தூங்காமல் வந்திருந்தாலோ அதற்குத் தெரிந்துவிடுமாம். தெரிந்தால் எரியும். எரிந்தால் வண்டி நடை வேகத்துக்கு மேல் போகாது. அதோடு விட்டாலும் பரவாயில்லை. விளக்கு வளைவுக்குச் சொல்லும், வளைவு கம்பெனிக்குச் சொல்லும். அதனால்தான் உப்பளத்து ஜனம் அதற்குக் கோள்சொல்லி என்று பேர் வைத்தது.

“மதினி, இன்னிக்கும் எரியுதே,” என்றான் கங்காணி பால்துரை. அவளுக்குக் கொழுந்தன் முறை.

“எரிஞ்சா எரியட்டும். நான் குடிக்கல.”

“நான் சொன்னேனா? வெளக்குல்லா சொல்லுது.”

“வெளக்குக்கு ஏது வாயி? நீதான சொல்லுத.”

பின்னால் வரிசையில் நின்ற அமலி குரல் கொடுத்தாள். “யக்கா, ராத்திரி எத்தன ரவுண்டு? எங்களயும் ஒரு வார்த்த கூப்பிட்டிருக்கலாம்லா?”

வரிசை முழுக்கச் சிரித்தது. கனி சிரிக்கவில்லை. அவள் வீட்டுக்காரன் குடித்தே செத்தவன். அவளுக்கென்று விட்டுப் போனது இரண்டு. ஒன்று இந்த பைக். இன்னொன்று குடிகாரன் குடும்பம் என்ற பேர். அந்தப் பேரைத் துடைக்க அவளுக்குப் பதினோரு வருசம் பிடித்தது. ஒரு பல்பு ரெண்டே நாளில் அதைத் திருப்பிக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டது.

“மூணு தரம் எரிஞ்சா தகுதி போச்சு. ஒனக்கு இது ரெண்டாவது,” என்றான் பால்துரை. குரலைத் தணித்துக்கொண்டான். “இன்னிக்கு வேல கெடயாது. வீட்டுக்குப் போயி நல்லா தூங்கு. நாளைக்கும் எரிஞ்சா மெஷினே பேர அடிச்சிரும் மதினி. பெறவு எந்த அளத்துலயும் ஒன்ன எடுக்க மாட்டாவ. என் கையில ஒண்ணுமில்ல.”

“லிங்கதுரைய அடிச்ச மாதிரியா?”

“அவன் குடிகாரன்.”

போன மாசம் அவளும் அதைத்தான் சொன்னாள். லிங்கதுரை இதே வளைவுக்குக் கீழே நின்று, குடிக்கல, என் புள்ள மேல சத்தியம் என்று கதறினான். “என் வீட்டுக்காரனும் இப்பிடித்தான் சத்தியம் பண்ணுவான்” என்று எல்லாருக்கும் முன்னால் சொல்லி, அவன் காலடியில் துப்பினவள் கனிதான்.

வண்டியைத் திருப்பினாள்.

*

ரெஜினாவின் ஒர்க் ஷாப் திருச்செந்தூர் ரோட்டில், ஐஸ் பேக்டரிக்கு எதிரில் ஒரு தகரக் கொட்டகை. வயரிங் வேலைக்கு அந்தப் பக்கம் அவளை விட்டால் ஆள் கிடையாது. நடை வேகத்தில் உருட்டிக்கொண்டு கனி வந்து சேர்ந்தபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது. ரெஜினா தலையைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

“கோள்சொல்லியா? எடுத்துட்டுப் போயிரு யக்கா. அந்தப் பொட்டியத் தொட்டா ஜெயிலு. சீல் வெச்சிருக்கான் பாரு.”

“பொட்டிய ஏன் தொடுத? வயரத் தொடு. வயரு என் வண்டியோடது.”

ரெஜினா ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். “எந்த வக்கீல்ட்ட படிச்ச?”

“எனக்கு எழுத்தே பாதிதான் தெரியும். கொறையச் சொல்லட்டா, வேண்டாமா?”

“சொல்லு.”

“நான் குடிக்கல. நல்லா தூங்குனேன். ஆனா எரியுது. ஒண்ணு எனக்குப் பொய். இல்ல அதுக்குப் பொய். எதுன்னு எனக்கு இன்னிக்குத் தெரியணும். நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு வாசல் மூடுறதுக்குள்ள தெரியலேன்னா என் சோலி முடிஞ்சிரும். மவ பிரசவத்துக்கு வந்து வீட்டுல இருக்கா.”

ரெஜினா எழுந்து டெஸ்டர், மீட்டர் எல்லாவற்றையும் எடுத்து வந்தாள். சீட்டைக் கழற்றி, டாங்கைத் தூக்கி ஓரமாக வைத்தாள். ஃபியூஸ் நன்றாக இருந்தது. பேட்டரியும் நன்றாக இருந்தது. இடது பிடியிலிருந்து வருகிற வயரின் ஒரு முனையில் மீட்டர் வயரின் ஒரு ஊசிமுனையையும், டாங்குக்கு அடியில் கனெக்டரில் இன்னொன்றையும் வைத்தாள். மீட்டர் கூவியது.

“கூவுனா வழி இருக்குன்னு அர்த்தம். நீ ஹேண்டில்பார இப்பிடியும் அப்பிடியும் திருப்பு. பெரும்பாலும் களுத்துக்கிட்டத்தான் வயரு அறுந்து கெடக்கும். திருப்பும்போது கூவுறது நின்னா அங்கதான் கோளாறு.”

கனி திருப்பினாள். நிற்கவே இல்லை. வலது பிடியிலும் அதே கதைதான். ரெஜினா வயரை ஒரு சாண் ஒரு சாணாகத் தடவிக்கொண்டே பின்னால் போனாள். சீட்டுக்கு அடியில், எல்லா வயரும் வந்து வண்டியின் சட்டத்தோடு சேருகிற போல்ட்டில் அவள் விரல் நின்றது. போல்ட்டே தெரியவில்லை. பச்சையாகக் களிம்பு கட்டியிருந்தது.

“மாட்டிக்கிட்டான்! எர்த்து போயிருக்கு. உப்புக் காத்து தின்னுருக்கு.”

உப்புத்தாள் போட்டுப் பளபளவென்று தேய்த்து, கிரீஸ் தடவி இறுக்கினாள். சாவியைத் திருப்பி, இரண்டு பிடியையும் தன் கையால் பிடித்தாள். விளக்கு எரியவில்லை.

“அவ்வளவுதான். இதுக்கா அளுத?”

“நான் எங்க அளுதேன்?” என்று சொல்லிக்கொண்டே கனி பிடியைப் பிடித்தாள்.

எரிந்தது.

ரெஜினா அவள் கையைத் தட்டிவிட்டுத் தான் பிடித்தாள். அணைந்தது. கனி பிடித்தாள். எரிந்தது. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“ஏ யக்கா,” என்றாள் ரெஜினா மெதுவாக. “நேத்து எங்க அண்ணன் மவனுக்கு ஞானஸ்நானம். நான் மூணு கிளாஸ் போட்டேன். இன்னும் மண்டை கிண்ணுன்னு இருக்கு. எனக்கு எரியல. ஒனக்கு எரியுது.”

“அப்ப இந்தச் சனியனுக்கு என்னதான் தெரியுமாம்?”

“அதத்தான் இப்ப பாக்கப் போறோம். ரெண்டு கையயும் நீட்டு.”

மீட்டரின் ஒரு ஊசிமுனையைக் கனியின் இடது உள்ளங்கையிலும் இன்னொன்றை வலதிலும் வைத்து அழுத்தினாள். எண்ணைப் பார்த்தாள். பிறகு தன் கையில் வைத்துப் பார்த்தாள். மறுபடியும் கனியின் கை.

“எங் கையில கரண்டு முக்கி முனகித்தான் போவுது. உன் கையில வாய்க்கா வெட்டிவிட்ட மாதிரி ஓடுது. இந்தப் பொட்டி ஒண்ணத்தான் பாக்குது, கரண்டு எவ்வளவு லேசா ஓடுதுன்னு. குடிச்சவனுக்கு, ராத்திரி முளிச்சவனுக்குக் கையி வேர்க்கும்லா? வேர்த்த கையில லேசா ஓடும். அத வெச்சுத்தான் முடிவு பண்ணுது. வேற ஒரு எளவும் அதுக்குத் தெரியாது.”

“எனக்குக் கை வேர்க்கல.”

ரெஜினா பிடியை விரலால் துடைத்து நாக்கில் வைத்தாள். முகத்தைச் சுளித்தாள். “உப்பு. யக்கா, வேல முடிச்சு நீ கை கழுவுறதே இல்லியா?”

உப்பளத்தில் ஆளுக்கு ஒரு கேன் நல்ல தண்ணி கொடுப்பார்கள், கை கால் கழுவ. ஊரில் குழாயில் பத்து நாளைக்கு ஒருதரம்தான் தண்ணி வருகிறது. மகளுக்கு இது எட்டாவது மாசம், குளிக்காமல் இருக்க முடியாது. அவள் வந்த நாளிலிருந்து கனி தன் கேனைத் திறக்கவே இல்லை. உப்புப் பாத்தித் தண்ணியிலேயே கையை அலசிவிட்டு, கேனை அப்படியே பைக்கில் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவாள். உள்ளங்கை வெடிப்பெல்லாம் வெள்ளை வெள்ளையாய் உப்பு பூத்துக் கிடந்தது. வீட்டில் இருக்கிற சொட்டுத் தண்ணியில் அது கரைகிற மாதிரி இல்லை.

அதை அவள் சொன்னதும் ரெஜினா ஒரு மக்கில் தண்ணி கொண்டுவந்து கல் உப்பை ஒரு கை அள்ளிப் போட்டுக் கலக்கினாள்.

“கோளாற நாமளே வரவழைச்சுப் பாத்தாத்தான் கண்டுபிடிச்சதா அர்த்தம்,” என்று தன் கையை அதில் முக்கி, பிடியைப் பிடித்தாள். பளிச்சென்று எரிந்தது. பிடியைத் துணியால் துடைத்துவிட்டு, பானைத் தண்ணியில் கையைத் தேய்த்துக் கழுவி, ஈரம் போகத் துடைத்துத் திரும்பப் பிடித்தாள். அணைந்தது.

“முடிஞ்சுது. காலையில வரும்போது ரெண்டு செம்பு நல்ல தண்ணியில கையையும் பிடியையும் கழுவித் தொடச்சுட்டுப் போ. ஒரு வெளக்கும் எரியாது.”

கனி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“லிங்கதுரைக்கும் கேன் கெடயாது ரெஜினா. அவன் ராத்திரி பம்பு போடுறவன். ராத்திரி ஆளுக்குத் தண்ணி குடுக்கறதில்ல. அவனும் பாத்தியிலதான் கழுவுனான்.”

ரெஜினா மீட்டரை ஓரமாக வைத்தாள்.

“நான் துப்புனேன். அவன் பொண்டாட்டி அதப் பாத்துட்டுத்தான் புள்ளயத் தூக்கிக்கிட்டு அவ அம்மா வீட்டுக்குப் போனா. அவனுக்கு முன்னால ரெண்டு பேரு, பெறவு ஒருத்தி. எல்லாரும் குடிச்சவங்கன்னு நாமதான சொன்னோம்?” கனி தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “நான் ஏன் கழுவணும்? இது வேல செஞ்ச கையி. இந்த உப்பத்தான ஊரே திங்குது? இதப் பாத்துட்டு ஒரு பல்பு என்னக் குடிகாரின்னா, நான் போயி கையக் கழுவிட்டு வந்து, ஐயா இப்ப சரியான்னு நிக்கணுமா?”

“வேற என்ன செய்வ? எழுதிக் குடுத்தா ஆறு மாசம் ஆவும். அதுக்குள்ள ஒம்பேரு போயிரும்.”

“ஒரு வீட்டுல லைட்டு போனா வீட்டு வயர்லதான பாப்ப?”

“ஆமா.”

“தெருவுக்கே போனா?”

“டிரான்ஸ்பாரத்துல.” ரெஜினா சொல்லிவிட்டு நிமிர்ந்தாள். “ஏ யக்கா... சிமெண்ட் குடோன் வாசல்ல ரெண்டு வருசத்துக்கு முந்தி அடைமழையில நனைஞ்சு வந்து எல்லா வண்டியும் எரிஞ்சிருச்சு. நான்தான் பாக்கப் போனேன். வந்த வண்டியில பாதிக்கு மேல எரிஞ்சா வளைவு தனக்கே கோளாறுன்னு எடுத்துக்கும். தன்னால நின்னுரும். அது முந்தி சொன்ன தொண்ணூறு நாள் கோளையும் செல்லாதுன்னு தள்ளி வெச்சிரும். அதிகாரி வந்து பாக்குற வரைக்கும்.”

“தொண்ணூறு நாளா?”

“பாதி பத்தாது கேட்டியா. பாதிக்கு மேல. ஒரு வண்டி கூடணும். வளைவு வண்டியத்தான் எண்ணும், ஆள எண்ணாது.”

“எங்க வாசல்ல அறுவத்து நாலு வண்டி.”

“அப்ப முப்பத்து மூணு வெளக்கு வேணும்.”

*

மத்தியானம் வேலை விட்டு வருகிறவர்கள் எல்லாரும் டீக்கடையில் நிற்பார்கள். கனி போய் நடுவில் நின்றாள். ரெஜினா மக்கில் உப்புத் தண்ணியோடு கூடவே வந்திருந்தாள். அமலியின் கையைப் பிடித்து இழுத்து அதில் முக்கி, அவள் வண்டியையே பிடிக்கச் சொன்னாள். எரிந்தது.

“அடிப்பாவி! நான் இன்னும் டீ கூடக் குடிக்கலியே,” என்றாள் அமலி. ஒருத்தரும் சிரிக்கவில்லை.

கனி எல்லாவற்றையும் சொன்னாள். காலையில் வாசலுக்கு முன்னால் ஓடுகிற உப்புத் தண்ணி வாய்க்காலில் கையை முக்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும். அவ்வளவுதான் வேலை.

“ஒங்களுக்கெல்லாம் இது மொத தரம். ஒரு தரம் எரிஞ்சா ஒருநாள் வேலதான் போவும். எனக்கு நாளையோட முடிஞ்சுது. அதனால எனக்காகச் செய்யாதீய. நாளைக்கு ஒங்க வீட்டுல தண்ணி இல்லாமப் போவும், அப்ப ஒங்களயும் குடிகாரன்னு சொல்லும். அதுக்காகச் செய்யுங்க.”

“ஒரு நாள் வேல போனா யாரு சோறு போடுவா?” என்று ஒருவன் கேட்டான்.

“நீ கையக் கழுவிட்டே போ. அறுவத்து நாலுல நீ ஒரு ஆளு, நான் ஒரு ஆளு,” என்றாள் கனி.

அங்கிருந்து லிங்கதுரை வீட்டுக்குப் போனாள். கதவு பாதி திறந்திருந்தது. முற்றத்தில் சாக்கு மூடின அவன் பைக். சாக்கின் ஓட்டை வழியே சிவப்பாக ஒரு பொட்டு தெரிந்தது. தகுதி போன வண்டியில் கோள்சொல்லி அணையவே அணையாது. ஓட்டினாலும் எரியும், ஓட்டாவிட்டாலும் எரியும்.

“லிங்கதுரை, நான் துப்புனது தப்பு. நீ குடிக்கல. எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்.”

அவன் வாசலுக்கு வந்து நின்றான். வாடை அவனுக்கு முன்னால் வந்தது.

“அப்ப குடிக்கல. இப்ப குடிக்கேன். எல்லாருக்கும் திருப்திதான?”

கதவைச் சாத்தினான்.

*

காலையில் ஐந்தே முக்காலுக்கு முதல் ஆளாக வாய்க்காலில் இறங்கினது கனி. இரண்டு கையையும் முழங்கை வரை முக்கினாள். வெடிப்பெல்லாம் எரிந்தது. ஈரக் கையோடு வண்டியைப் பிடித்து, சிவப்பு விளக்கோடு வளைவைத் தாண்டி உள்ளே போய், தடுப்புக் கம்பிக்கு முன்னால் நின்றாள். வளைவின் நெற்றிப் பலகையில் எழுத்து ஓடியது. வந்தது ஒன்று, எரிந்தது ஒன்று.

“மதினி, ஒனக்கு என்ன பைத்தியமா?” என்று பால்துரை ஓடி வந்தான். “மூணாவது தரம்! ஆறு மணிக்கு வாசல் மூடும்போது பேர அடிச்சிரும்.”

“ஆறு ஆவட்டும்.”

அமலி வந்தாள். வாய்க்காலில் கையை முக்கி, மீன்காரி மாதிரி உதறிவிட்டு, வண்டியைப் பிடித்தாள். எரிந்தது. பின்னால் இரண்டு பேர். பின்னால் ஒருவன், விளக்கு எரியாமல், யாரையும் பார்க்காமல் போனான். பின்னால் நான்கு பெண்கள் சேர்ந்து இறங்கினார்கள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒருத்தி மேல் ஒருத்தி தண்ணியைத் தெளித்துக்கொண்டு. டீக்கடையில் சோற்றைப் பற்றிக் கேட்டவன் வந்தான். வாய்க்கால் ஓரம் வண்டியை நிறுத்தி யோசித்தான். கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிக்கொண்டே கையை முக்கினான்.

பால்துரை போனை எடுத்தான், வைத்தான், திரும்ப எடுத்தான். யாருக்குப் பேசுவது என்று தெரியாத மாதிரி இருந்தது.

ஆறு மணிக்கு இன்னும் நான்கு நிமிசம். பலகையில் வந்தது அறுபத்து நான்கு. எரிந்தது முப்பத்து இரண்டு.

சரிபாதி.

கனி ரோட்டைப் பார்த்தாள். இனி வர வண்டி இல்லை. எரியாமல் வந்தவர்கள் ஓரமாக ஒதுங்கித் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவளுக்கு அவர்கள் மேல் கோபம் வரவில்லை. பயத்துக்கு என்ன செய்ய முடியும்? அவளே பயந்து பயந்து பதினோரு வருசம் ஓட்டினவள்.

“ஒருத்தரு வெளிய போயிட்டு முக்கிட்டு வாங்களேன்!” என்று அமலி கத்தினாள்.

“ஒரு வண்டிய வளைவு ஒரு தரந்தான் எண்ணும்,” என்றான் பால்துரை. அவன் குரலில் சந்தோசம் இல்லை. “போதும் மதினி. நான் வேணும்னா பெரியவங்கள்ட்ட பேசிப் பாக்கேன்.”

“நீ பேசாத.”

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. காற்றில்லாத டயர் ரோட்டில் தட்டித் தட்டி வருகிற சத்தம். வாய்க்கால் ஓரமாக ஒருவன் பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தான். வண்டி ஒரு பக்கம் போக, அவன் ஒரு பக்கம் போக, இரண்டும் சேர்ந்து எப்படியோ வாசலை நோக்கி வந்தன. ஹேண்டில்பாரில் சாக்கு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே, ஒரு மாசமாக அணையாத விளக்கு.

“ஏல லிங்கதுரை! ஒம்பேரு இங்க இல்ல. போ!” என்று பால்துரை கத்தினான்.

“பேரு இல்லாட்டி என்னல? வெளக்கு இருக்குல்லா?”

வளைவுக்குக் கீழே தள்ளினான்.

வந்தது அறுபத்து ஐந்து. எரிந்தது முப்பத்து மூன்று.

பலகை கறுத்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை. பிறகு வளைவின் உச்சியில், அங்கே இருப்பதே யாருக்கும் தெரியாத ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. பலகையில் எழுத்து ஊர்ந்தது. கனி ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தாள். வளைவு பழுது. தொண்ணூறு நாள் பதிவுகள் செல்லாது. ஆய்வு வரை நிறுத்தம்.

தடுப்புக் கம்பி தானாக மேலே போய் நின்றது.

“யாத்தே, வளைவு ராத்திரி எத்தன ரவுண்டு போட்டுச்சோ!” என்றாள் அமலி. இந்தத் தடவை கனி சிரித்தாள். வயிறு வலிக்கச் சிரித்தாள்.

பால்துரை மட்டும் சிரிக்கவில்லை. “இது ஒருநாள் கூத்து மதினி. நாளைக்கே ஆளு வருவான், சரி பண்ணிருவான்.”

“வரட்டும். வந்து என் கையப் புடிச்சுப் பாக்கட்டும். பேட்டரி கெட்டதா, புத்தி கெட்டதான்னு நானே காட்டுதேன்.”

லிங்கதுரை வண்டியை ஸ்டாண்டு போட முடியாமல் தடுமாறிக்கொண்டிருந்தான். அந்த வாசலில் நின்ற அறுபத்து ஐந்து பேரில் நிசமாகவே குடித்திருந்தவன் அவன் ஒருவன்தான். கனி அவன் வண்டியை வாங்கி நிறுத்தினாள். இன்றைக்குக் கொடுக்க வேண்டிய தண்ணிக் கேன்கள் கொட்டகையில் வரிசையாக இருந்தன. தன் கேனை எடுத்து வந்தாள். இத்தனை நாள் தன் கைக்குக் கூட ஊற்றாத தண்ணி. மூடியைத் திருகித் திறந்தாள்.

“குனி,” என்றாள். “மூஞ்சியக் களுவு. வேலைக்கு நேரமாச்சு.”

அவன் குனிந்தான். கேனில் பாதி தீரும்வரை அவள் ஊற்றினாள். மீதி மகளுக்கு.